கோமதி மதினிக்கு வேண்டிய மூன்று நாள்

ஓய்வு பெற்ற நர்சுக்கு வரும் போன் இரண்டே வகைதான். ஒன்று கல்யாண அழைப்பு. இன்னொன்று, "அக்கா, அப்பாவுக்கு யூரின் டியூப் அடைச்சுக்கிட்டு, ஒரு எட்டு வாறியளா?" போன மாதம் வந்த போன் இரண்டிலும் சேராது. தென்காசியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், வலி நிவாரணப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சுப் பிள்ளை பேசினாள்.

"அக்கா, முத்தின கேன்சர் நோயாளிங்க எல்லார்கிட்டயும் ஆன்மிகத் தேவை என்னன்னு இனிமே கேக்கணுமாம். நானும் 'கடவுள் நம்பிக்கை உண்டா'ன்னு கேக்கேன். எல்லாரும் உண்டுங்காங்க. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் படுக்கையில் கிடப்பவரிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? நாளைக்கு மாத்திரை வேண்டாமா அவருக்கு? போனில் சொல்கிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

நான் கடையம் பக்கத்துக்காரி. நாற்று நடுவதிலிருந்து தப்பிக்க நர்சிங் படித்தேன் என்பதுதான் உண்மை. சேவை மனப்பான்மை எல்லாம் பேட்டி கொடுப்பவர்களுக்கு. படித்து முடித்து பிரசவ வார்டு, காய்ச்சல் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று முக்கால்வாசி சர்வீஸ் ஓடிப்போனது. குணமாக மாட்டார்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போகிற வேனில் ஏறியது கடைசியில்தான். வேண்டாவெறுப்பாகத்தான் ஏறினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குணமாகிப் போனவர்கள் பாதிப் பேருக்கு என் முகமே மறந்துவிட்டது. குணமாகாதவர்கள் வீட்டில்தான் இன்றைக்கும் என்னை உட்கார வைத்துக் காப்பி தருகிறார்கள்.

அந்த வேனில் எனக்கு மேலதிகாரி டாக்டர் சாமுவேல். நாகர்கோவில்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வேலை நேரத்தில் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. வீட்டுக்குள் போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்காருவார். முதல் கேள்வி வலி எப்படி என்பதில்லை, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்பதுதான். குழம்பு வாய்க்குப் பிடித்ததா, எத்தனை வாய் இறங்கியது, சாப்பிட்டபின் வாந்தி உண்டா என்று அதிலேயே பாதி பரிசோதனை முடிந்துவிடும். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். எல்லாம் முடிந்து நான் பையை மூடும்போது, "வேற என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மூடல்தான் எனக்குப் பொறுக்காது. வெளியே டிரைவர் ஹாரன் அடிப்பார், எனக்கு இடுப்பு கடுக்கும், இவர் பாட்டுக்குப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் நோயாளிகள் மனதில் கிடப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் வியாபாரி. ஈரலில் புற்று. "எனக்குச் சாமியும் கிடையாது பூதமும் கிடையாது" என்று முதல் நாளே அறுத்துப் பேசிவிட்டார். "வேற என்ன?" என்று கேட்டு டாக்டர் உட்கார்ந்தபோது, நெடுநேரம் கழித்து, "காலையில ஏலச் சத்தம் கேக்காம மனுசன் எப்படிக் கண்ணு முழிப்பான்?" என்றார். மறுநாளிலிருந்து அவர் மகன் ஏலம் நடக்கும்போது போனை அப்படியே திறந்து வைத்தான். வியாபாரி படுத்தபடியே விலைக்குத் தலையாட்டுவார், "ஏலே, ஏமாந்துட்டியேலே" என்று மகனை ஏசுவார். அந்த நேரம் மட்டும் அவருக்கு முனகல் கிடையாது. ஆன்மிகம் என்றால் திருநீறு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஆனால் எனக்கு மறக்கவே மறக்காதது கோமதி மதினி.

தென்காசி பெரிய கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. கணவர் சங்கரலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; சொந்தம் இல்லை, அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் இவர் மதினி. கோவில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படிச் செலவு அந்தக் குடும்பத்துடையது. மதினிக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மாதாமாதம் வருகிற தூரம் நின்று பல வருடம் ஆனபின் திரும்பவும் ரத்தம் பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு மாதக் கணக்கில் மறைத்திருக்கிறார். கடைசியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தால், கருப்பை வாயில் புற்று முத்தி அக்கம்பக்கம் எல்லாம் பரவிவிட்டது.

நாங்கள் முதலில் போனது சாரல் தொடங்கிய நேரம். குற்றாலத்துக்குப் போகிற கார் கூட்டத்தில் மாட்டி, வேன் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. முன் வீட்டில் மதினியைக் காணோம். அண்ணாச்சி எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். பழைய சைக்கிள், தேங்காய் மூட்டை, விறகு எல்லாம் கிடக்கிற ஒரு சின்ன அறை. மாமியார் காலத்தில் வீட்டுக்குத் தூரமான பெண்கள் உட்கார்கிற அறை அது. அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலில் மதினி. பக்கத்தில் தனித் தட்டு, தனித் தம்ளர். வாசற்படியிலேயே வாடை ஆளை அடித்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, நோயாளிய இப்படியா வச்சிருப்பிய?" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "நானா வச்சேன்? அவதான் உத்தரவு போட்டிருக்கா. முன் வீட்டுக்கு வரமாட்டேங்கா. அடுப்படிக்கு வரமாட்டேங்கா. நான் தொட்டா குளிக்கச் சொல்லுதா. வெளக்கு ஏத்தி ஒரு வருசம் ஆச்சு."

டாக்டர் தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். குழம்பு விசாரித்தார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்தோம். அடுத்தடுத்த தடவைகளில் வலி நன்றாகக் குறைந்தது, தூக்கம் வந்தது, சோறு கொஞ்சம் இறங்கியது. எங்கள் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் மதினி முகம் மட்டும் சவத்து முகமாகவே கிடந்தது. ஒரு நாள் "வேற என்ன?" வந்தது. டாக்டர் வாயை மூடினார். மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"உலகம்மைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டா போதும்," என்றார் மதினி. "வெள்ளி தவறாமப் போன கோவிலு. இப்ப கோபுரத்தக் கூட நிமிந்து பாக்க முடியல. இந்தத் தீட்டோடயே செத்தா அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

நான் விடுவேனா? "மதினி, இது அந்த ரத்தம் இல்ல. கட்டியில இருந்து வாரது. புண்ணு மாதிரி. இதுல என்ன தீட்டு இருக்கு?" என்று பாடம் எடுத்தேன்.

"ஏட்டி தாயி," என்று சிரித்தார். என் பெயர் சண்முகத்தாய். அவருக்கு நான் தாயி. "ரத்தத்துக்கு, தான் எங்கன இருந்து வாரோம்னு தெரியுமா? வார பாதை ஒண்ணுதானட்டி."



அண்ணாச்சி கோவில் குருக்களிடமே போய்க் கேட்டு வந்தார். குருக்கள் நல்ல மனிதர். "நோவுக்கு ஏது தீட்டு? அம்மாவ அழைச்சிண்டு வாங்கோ, நானே அர்ச்சனை பண்றேன்" என்று சொல்லி அனுப்பினார். ஆகா, முடிந்தது வேலை என்று நான் நினைத்தேன். மதினி மசியவில்லை. "அவரு பெரிய மனசுக்காரரு. அவரு சொல்லிட்டாருன்னு நான் உள்ள போயிருவேன். போயி நின்னா என் கை கூப்பணுமே?"

அப்போது டாக்டர் சாமுவேல் கேட்ட கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "கோமதியம்மா, உங்க முறைப்படி எப்ப உள்ள போலாம்?"

மதினி யோசிக்கவே இல்லை. "மூணு நாளு துணியில ஒண்ணும் படாம இருக்கணும். நாலாம் நாளு தலைக்கு ஊத்தணும். அதுக்கு மேல போலாம்."

"சரி," என்றார் டாக்டர். மாத்திரை அளவை ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு சரி.

வேனில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன சார், நீங்களும் தீட்டு கீட்டுன்னு பேசிட்டு வாரிய? படிச்சவங்களே ஒத்துக்கிட்டா எப்படி?"

"நான் ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன சண்முகத்தாய்? நோயாளி நானா?" என்றார். "குருக்கள் அவரு வேலையச் செஞ்சுட்டாரு. அவருக்கு ரத்தத்த நிறுத்தத் தெரியாது. நமக்குத் தெரியும். நம்ம வேலைய நாம பாப்போம்."

அன்றிலிருந்து அந்த மூன்று நாள்தான் எங்கள் வைத்தியத்தின் குறி. முதலில் துணியை மாற்றினேன். மதினி பழைய வேட்டித் துணி கிழித்து வைத்திருந்தார். சாரல் காலத்தில் எந்தத் துணி காய்கிறது? எப்போதும் ஈரம், அதனால் ரத்தம் நின்றாலும் நின்றதாக அவருக்குத் தெரியாது. பஞ்சு வைத்த வெள்ளைப் பேடுகளைக் கொடுத்து, எடுத்ததைக் காகிதத்தில் சுற்றி வைக்கச் சொன்னேன். படுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாமே.

பிறகு வாடை. மெட்ரோனிடசோல் என்று ஒரு சாதாரண மாத்திரை, வயிற்றுப் போக்குக்குக் கொடுப்பது. புற்றுப் புண்ணில் வாடையைக் கிளப்புகிற கிருமிகளை அது கொன்றுவிடும். காகிதத்தில் மடித்து, தம்ளர் அடியால் நசுக்கி மாவாக்கி, மெல்லிய காஸ் துணியில் தூவ வேண்டும். அதற்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நோயாளி அடுத்த தடவை நம்மைக் கண்டாலே நடுங்குவார். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரால் முதலில் பழைய துணியை நனைக்க வேண்டும். காய்ந்த துணியை வெடுக்கென்று இழுத்தால் நின்றிருக்கும் ரத்தமும் கிளம்பிவிடும். ரத்தத்தை உறைய வைக்கிற மருந்தில் நனைத்த காஸை அழுத்தாமல் உள்ளே வைத்து, அதன் வால் ஒன்றை வெளியே விட்டு வைக்க வேண்டும். இந்த வேலையில் பேச்சு ஆகாது என்று சில நர்சுகள் நினைப்பார்கள். நான் ஊர் வம்பு முழுவதும் அப்போதுதான் பேசுவேன். மதினியும் வம்பில் எனக்கு இளைத்தவர் இல்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணம் நிறையக் காப்பித்தூள் வைக்கச் சொன்னேன். வாடையை இழுத்துக்கொள்ளும். "நல்ல பீபரித் தூளு சிஸ்டர், கட்டிலுக்கு அடியில வைக்கவா வாங்கியாந்தேன்?" என்று அண்ணாச்சி புலம்பினார். மதினி சிரித்தார். நான் அந்த வீட்டுக்குப் போன பிறகு பல் தெரிய அவர் சிரித்தது அன்றுதான்.

ஒரு வாரத்தில் வாடை போய்விட்டது. ரத்தமும் குறைந்தது. ஒரு நாள் பேடு வெள்ளை. மறுநாளும் வெள்ளை. அண்ணாச்சி போனில் மெல்லிய குரலில் சொன்னார், ஏதோ பரீட்சை ரிசல்ட் சொல்வதுபோல. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பேடு பக்கத்தில் கிடந்தது. நடுவில் திட்டாகச் சிவப்பு.

"அவ என்னிய வரவேண்டாங்கா, தாயி," என்றார். "அதுக்குத்தான் மூணாம் நாளு காமிச்சிருக்கா."

அழுகிற நோயாளிக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். சாமியே தள்ளிவிட்டது என்று நம்புகிற நோயாளிக்கு என்ன சொல்வது? காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொடாதே, குளிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடத் தெம்பு இல்லை அவருக்கு.

டாக்டர் வந்து உட்கார்ந்து இன்னொரு வழி சொன்னார். திருநெல்வேலிக்குப் போய் ஒரே ஒரு தடவை கரண்டு வைத்துக்கொள்வது. கரண்டு என்று எங்கள் பக்கம் சொல்வது ரேடியேஷனை. "இதால நோய் குணமாகாது கோமதியம்மா, பொய் சொல்ல மாட்டேன். கொழாய அடைக்கிற மாதிரி ரத்தத்த மட்டும் அடைக்கும். அதுவும் எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

குணமாகாத வைத்தியத்துக்கு நான் வரமாட்டேன் என்று முன்பு இதே கரண்டை உதறியவர் மதினி. இப்போது எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார். "குணமாக வேண்டாம். மூணு நாளு கெடைக்குமா, அதச் சொல்லுங்க."

"கெடைக்க நெறைய வாய்ப்பு உண்டு."

"அப்பம் காரு பிடிங்க," என்றார் கணவரிடம்.

போய் வந்ததும் இரண்டு நாள் வயிற்றைப் புரட்டி ஆளே வாடிப்போனார். எனக்குப் பயம். நாள் கையில் அதிகம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகு மெல்ல மெல்லப் பேடு வெளுத்தது. ஒரு நாள் தாண்டியது. இரண்டாம் நாள் தாண்டியது. மூன்றாம் நாள் நான் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், அறை வாசலில் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சாயந்தரம் மதினியே பேடை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னிடம் நீட்டினார். சுத்த வெள்ளை. இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகள் மாதிரி அழுதோம், அதில் எனக்கு என்ன வெட்கம்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் மதினியிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முக்காலியில் உட்கார வைத்து, வெந்நீர் விளாவி, சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். முதுகெல்லாம் எலும்பு. தலையைத் துவட்டி, கனமான பேடு ஒன்று வைத்து, அரக்குச் சுங்குடிச் சேலை கட்டிவிட்டேன். குங்குமத்தைக் கையில் எடுத்ததும், "அங்கன போயி வச்சுக்கிடுதேன்" என்றார்.

தென்காசிக் கோவில் வாசலில் அடிக்கிற காற்று ஊரறிந்தது. சாரல் காலத்தில் ஆளையே தள்ளும். சக்கர நாற்காலியில் மதினியை வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், ஈரக்காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்தது. அவர் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார். படிகளில் அண்ணாச்சியும் கோவில் ஆள் ஒருவரும் நாற்காலியைத் தூக்கி வைத்தார்கள். உலகம்மன் சந்நிதியில் கூட்டம் இல்லை. குருக்கள் எங்களைப் பார்த்ததும் தலையசைத்து உள்ளே போனார். மதினியின் கை கூப்பியது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீபாராதனைக்கு மணி அடிக்கத் தொடங்கினார்கள். மதினி வெடுக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்தேன்.

"வந்துட்டு, தாயி," என்றார் காதோரம்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. இத்தனை பாடுபட்டு, இந்த இடத்திலா? இந்த நிமிஷத்திலா? பேடு கனமானது, ஒரு சொட்டு வெளியே வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அதுவா கணக்கு? மூன்றாம் நாள் திட்டுக்கே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர். "மதினி, வெளிய போயிருவமா?" என்று நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பப் போனேன்.

"நில்லுட்டி," என்றார்.

உள்ளே கற்பூர வெளிச்சம் அம்மன் முகத்தில் ஏறி இறங்கியது. மதினி வைத்த கண் வாங்காமல் பார்த்தார். நான் பார்த்தது அம்மனை இல்லை, மதினியைத்தான். பயந்துபோயிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இவளுக்குத் தெரியாத சங்கதியா தாயி இது?" என்றார், என்னைப் பார்க்காமலே. "இவளும் பொம்பளதானே."

குருக்கள் தட்டோடு வந்தார். மதினி ஆரத்தியை ஒற்றிக்கொண்டு, குங்குமத்தை எடுத்துத் தானே நெற்றியில் வைத்தார். எனக்கும் வைத்துவிட்டார். அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்ததும், பழக்கத்தில் நாற்காலியைப் பின்கட்டுக்குத் தள்ளினேன். "ஏட்டி, அங்கன எனக்கென்ன சோலி?" என்று ஒரு அதட்டல். கட்டிலை முன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். சாமி விளக்கு கண்ணில் படுகிற மாதிரி போடச் சொன்னார். அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு அண்ணாச்சி கையால் சோறு ஊட்டச் சொல்லி வாங்கிக்கொண்டாராம். குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லையாம். மறுநாள் அண்ணாச்சி என்னிடம் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் புது மாப்பிள்ளை தோற்றான்.

நோய் நின்றுவிடவில்லை. ரத்தம் விட்டு விட்டு வந்துகொண்டுதான் இருந்தது. மார்ஃபினைக் கூட்ட வேண்டி வந்தது. கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் ஏற்றச் சொல்லிக் கட்டிலிலிருந்தே அதிகாரம் பண்ணினார். மார்கழி பிறந்தபின் ஒரு காலையில், முன் வீட்டில், கணவர் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். டாக்டர் சாமுவேல் வந்து தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

மதினி போவதற்குச் சில வாரம் முந்தி ஒரு சாயந்தரம். காஸ், உப்புத் தண்ணீர், நசுக்கிய மாத்திரை எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு அவசரமாக நுழைகிறேன். அன்று ரத்தம் அதிகம் என்று அண்ணாச்சி போன் பண்ணியிருந்தார். மதினி கட்டிலில் இல்லை. அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு விளக்குக்கு முன்னால் நின்று திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, மொதல்ல கட்ட மாத்திருவோம், வாங்க" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்த நேரம் பொறுட்டி, வெளக்க ஏத்திட்டு வாரேன். ரத்தம் எங்கன போயிரப் போவுது?"

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றேன்.